வயிற்றில் நிற்கும் கிழங்கு

ஒன்பது மாதக் குழந்தை இயலினி ஒரு கிண்ணம் ஜவ்வரிசிக் கஞ்சியைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, எடை பார்க்கும் தொட்டிலில் சிரித்துக்கொண்டு கிடந்தது. அங்கன்வாடி ஜெயந்தி டீச்சர் திரையில் வந்த எண்ணைப் பார்த்தார். குழந்தையைத் தூக்கி மறுபடி கிடத்தி மறுபடி பார்த்தார். ஆறு கிலோ இருநூறு கிராம். போன மாதமும் அதேதான். அதற்கு முந்தின மாதமும் அதேதான்.

“கஞ்சி ஊத்துறீங்களா, இல்ல ஊத்துறதா என்கிட்ட மட்டும் சொல்றீங்களா?” என்றார் டீச்சர்.

தாய் ஹேமலதாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? மூணு வேளையும் கிண்ணத்த நக்காத குறையா குடிக்கிறா. வேணும்னா எங்க நாத்தனாரக் கேளுங்க.”

நாத்தனார் கோபிகா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அண்ணி சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அந்த வீட்டில் குழந்தை சாப்பிடாமல் அழுதது என்ற பேச்சே கிடையாது. ஆத்தூரில் இரண்டு டாக்டர்களிடம் காட்டியாயிற்று. ரத்தம் பார்த்தார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், கடைசியில் ‘பரம்பரை வாகு’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் லோகநாதன் தொண்ணூறு கிலோ என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஹேமலதா குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

“இது ஒண்ணு மட்டும்னா நானும் வாய மூடிக்குவேன் கோபிகா. நம்ம கருங்காட்டூர்ல பதினோரு புள்ளைங்க இப்படி இருக்கு. ஒண்ணுகூட பசின்னு அழல. அழுதாலாவது எனக்குப் புரியும். வயிறு நெறையுது, உடம்பு ஏறல. இருபது வருஷமா எடை போடுறேன், இப்படி ஒரு கூத்தப் பாத்ததில்ல.”

கோபிகா டீச்சரின் எடைப் பதிவேட்டை வாங்கி அந்தப் பதினோரு பெயர்களையும் வாசித்தாள். ஆறாம் மாதம் வரைக்கும் எல்லாக் குழந்தைகளும் ஒழுங்காக வளர்ந்திருந்தன. ஆறாம் மாதம்தான் அந்த ஊரில் கஞ்சி ஆரம்பிப்பார்கள். கஞ்சிக்கு ஜவ்வரிசி எங்கிருந்து வரும்? அவள் அண்ணனுடைய சேகோ மில்லிலிருந்துதான். மில்லுக்குக் கிழங்கு எங்கிருந்து வரும்? அங்கே வந்ததும் அவள் பதிவேட்டை மூடிவிட்டாள். ஏனென்றால் அந்த ஊரின் கிழங்குக்கு வாக்குக் கொடுத்திருந்தவள் அவள்.

பசுங்கலம் கம்பெனி கருங்காட்டூருக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்குக்கு அரசாங்கம் நாள் குறித்துவிட்ட காலம் அது. தட்டு, பால் பை, மருந்துப் பாட்டில் எல்லாம் இனி ஒன்று வயலில் விளையவேண்டும், இல்லை பழையதிலிருந்து பிறக்கவேண்டும் என்று சட்டம். மற்ற கம்பெனிகள் மரவள்ளிக் கிழங்கை வாங்கி மாவாக்கி, அந்த மாவைப் பிளாஸ்டிக்காக மாற்றின. பசுங்கலத்துக்கு அந்தச் சுற்றுவேலை பிடிக்கவில்லை. செடியின் மரபணுவிலேயே கைவைத்து, கிழங்குக்குள் மாவு திரளவேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் மணிகள் திரளும்படி செய்துவிட்டது. நகரத்தில் தின்று எறிந்த தட்டுகளை அரைத்துக் கரைத்து, அதையே வயலுக்கு உரமாக லாரியில் அனுப்பியது. தட்டு மண்ணுக்குப் போகும், மண்ணிலிருந்து கிழங்குக்கு வரும், கிழங்கு மறுபடி தட்டாகும். கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

ஊருக்கு ஒரே ஒரு பயம். சாப்பிடுகிற கிழங்கும் தட்டுக் கிழங்கும் ஒரே மண்ணில் நின்றால் எதை வைத்துப் பிரிப்பது? அதற்காகத்தான் கம்பெனிச் செடிக்கு ரத்தச் சிவப்பில் தண்டு வைத்தார்கள். அந்தச் சிவப்பு இருந்தால்தான் அனுமதி என்று அரசாங்கமும் எழுதிக் கொடுத்தது. கம்பெனியின் கள அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருந்த கோபிகா, அண்ணனுடைய மில் களத்தில் ஊரைக் கூட்டி நின்று சொன்னாள்: “தண்டு சிவப்பா இருந்தா தட்டு. பச்சையா இருந்தா சாப்பாடு. இதுல பொய் வந்தா கம்பெனியத் தேடிப் போகவேணாம், என் கழுத்தப் புடிங்க.” லோகு தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்தவள் மிருணாளினி. பசுங்கலத்தின் ஆய்வுக்கூடத் தலைவி. அதற்கும் முன்னால், வேளாண் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் கோபிகாவோடு ஒரே அறையில் இருந்தவள். ஒரே சோப்பு, ஒரே குடை. கோபிகாவுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். இயலினிக்குப் பேர் வைத்த அன்று வெள்ளிக் கொலுசோடு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பந்தி முடியும்வரை இறக்கவில்லை. ஜவ்வரிசிப் பாயசம் கொடுத்தபோது மட்டும், டயட் என்று சொல்லி டம்ளரைத் தள்ளி வைத்தாள். அவ்வளவு பெரிய பதவியில் இருக்கிறவள் இவ்வளவு எளிமையா என்று ஊரே மெச்சியது.

கோபிகா, ஜெயந்தி டீச்சரின் முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் மருந்துப் புட்டியைக் கேட்டு வாங்கினாள். “காரணம் கேக்காதீங்க டீச்சர். யார் வீட்லயும் ஜவ்வரிசிக் கஞ்சி வேணாம்னு சொல்லிடுங்க. சோத்துக் கஞ்சி கொடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அடுப்படியில் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் சோறு வடித்த கஞ்சி, இன்னொன்றில் இயலினிக்குக் காய்ச்சியதில் மிச்சம். மாவுச்சத்து இருந்தால் அயோடின் பட்டதும் மையாகக் கறுக்கும். பத்தாம் வகுப்புப் பாடம் அது. சோற்றுக் கஞ்சி சொட்டு விழுந்த மறுநொடி கறுத்தது. ஜவ்வரிசிக் கஞ்சி யோசித்தது. யோசித்து யோசித்து, கத்தரிப்பூ நிறத்தில் லேசாக ஒரு சாயம் காட்டிவிட்டு அதோடு நின்றுகொண்டது. கழுவாமல் கிடந்த பாத்திரத்தின் உட்புறத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். கண்ணாடித் தாள்போல ஒரு சவ்வு முழுசாக உரிந்து வந்தது. அதை அடுப்பில் காட்டினாள். எரியாமல் உருகி, நூலாக இழுத்துக்கொண்டு சொட்டியது.

அவள் அடுப்பை அணைத்தாள். குழந்தைக்கு மூன்று மாதமாகத் தட்டையும் கவரையும் காய்ச்சி ஊட்டியிருக்கிறார்கள். அதில் பாதி நாள் ஊட்டியது அவள் கை.

மில்லுக்கு அதிகமாகக் கிழங்கு போடுகிறவர் பழனியப்பன். தூரத்து உறவில் மாமா முறை. கோபிகா போனபோது அவர் வயலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு வருடத்தில் ஆள் இளைத்துப் போயிருந்தார். சர்க்கரை வேறு தானாகக் குறைந்துவிட்டது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

“மாமா, மில்லுக்குப் போடுற கிழங்குக்கு நடவுக் குச்சி எங்க எடுத்தீங்க?”

“எங்க எடுப்பேன், எல்லாம் உன் புண்ணியம்தான் கண்ணு” என்று சிரித்தார். “கம்பெனிக் குச்சிக் கட்டுல நாலஞ்சு பச்சத் தண்டு கலந்து வந்துச்சே, மூணாம் வருஷம்? நாங்க உன்னக் கேட்டோம். நீ அது சாதாக் கிழங்குதான், எல்லாத்தையும் சேத்தே லாரில ஏத்திடுங்கன்னு சொன்ன.”

“சொன்னேன். கொஞ்சம் போக மிச்சத்த ஏத்தலையா?”

“திங்கிற கிழங்கக் கொண்டுபோய்த் தட்டு செய்யக் கொடுக்குறதா? நல்லாருக்கே கதை! பச்சையா நின்னதப் பூராம் பிரிச்செடுத்து வச்சோம். கிழங்கு சாப்பிட்டா காத்தால தின்னது சாயங்காலம் வரைக்கும் வயித்துல நின்னுச்சு. இவ்வளவு நல்ல ரகத்த விடுவாங்களா? குச்சிய ஊர்ல எல்லாருக்கும் கொடுத்தோம்.”

கருங்காட்டூரில் நடவுக் குச்சிக்குக் காசு வாங்குவதில்லை. அறுவடை முடிந்தால் குச்சி இல்லாதவன் வயலுக்கு அது தானாகப் போகும். அடுத்த வருடம் அவன் முதல் கிழங்கை அவித்து, குச்சி கொடுத்த வீட்டுக்கு அனுப்புவான். அந்தக் கணக்கில் இரண்டே வருடத்தில் ஊரின் சாப்பாட்டுக் கிழங்கு முழுக்கப் பழைய ரகம் போய்ப் புது ரகம் ஆகிவிட்டிருந்தது. கோபிகா வீட்டுக்கும் அவித்த கிழங்கு வந்தது. அவளும் ரசித்துத் தின்றாள். வளையல் கழன்று விழுகிற அளவுக்கு மெலிந்ததும், கல்யாணத்துக்கு இப்போதாவது சம்மதிப்பாள்போல என்று ஊர் கேலி செய்தது.

பச்சைத் தண்டைப் பார்த்த அன்றே அவள் மிருணாளினியிடம் கேட்டிருந்தாள். அவள் சொன்ன பதிலைத்தான் அப்படியே ஊருக்குச் சொன்னாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, சேலத்துக்கு வெளியே இருக்கும் ஆய்வுக்கூடத்தில், பச்சைத் தண்டைப் பற்றிக் கேட்ட அதே மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் சொல்லி, உரித்தெடுத்த சவ்வைக் காகிதத்தோடு மேசையில் வைத்தாள். மிருணாளினி அதை எடுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பினாள், மறுபடி காகிதத்தில் வைத்தாள்.

“சிவப்பு தட்டுல இறங்குதுடி” என்றாள் கடைசியில். “லேசா ரோஸ் அடிக்குது. வெளிநாட்டுல பால் வெள்ளைதான் கேக்குறான். வெளுக்க மருந்து போட்டா அப்புறம் பசுமைன்னு முத்திரை குத்த முடியாது. அதான் சிவப்பே இல்லாம ஒரு ரகம் செஞ்சு பாத்தோம்.”

“எங்க ஊர்ல.”

“கட்டுக்கு நாலு குச்சி. வெறும் சோதனை.”

“அனுமதி?”

“கேட்டிருந்தா அஞ்சு வருஷம் இழுத்தடிப்பாங்க.”

“நான் உன்கிட்ட கேட்டேன் மிரு. இதே மேசைல உக்காந்து, பச்சையா வருதே என்னன்னு கேட்டேன். சாதாக் கிழங்குன்னு சொன்ன.”

“சேத்து அனுப்பச் சொல்லுன்னும் சொன்னேன்ல? அனுப்பியிருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. உங்க ஊர்க்காரங்க பிரிச்செடுப்பாங்கன்னு நான் கனவா கண்டேன்?”

“சாதாக் கிழங்குன்னு நீ சொன்னதாலதான் பிரிச்சாங்க! சாப்பாடுன்னு நெனச்சாங்க. உன் வார்த்தைய நம்புனதுதான் அவங்க செஞ்ச ஒரே தப்பு.”

மிருணாளினி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “கத்தாத. விஷம் இல்ல அது. அப்படியே வெளிய போயிடும். எலிக்குக் கொடுத்தே பாத்துட்டோம், ஒரு எலிகூட சாகல.”

“எலிக்கு எடை ஏறிச்சா?”

மிருணாளினி காகிதத்தை மடித்துச் சவ்வை மூடினாள். கோபிகா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“என்கிட்டயாவது ஏண்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ ஊருக்குச் சொல்லியிருப்ப.”

“சொல்லியிருப்பேன்.”

“அதான் சொல்லல” என்றாள் மிருணாளினி. பிறகு எதிரே வந்து கோபிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. “ஆனா இது சாப்பாட்டுல போயிருக்கும்னு எனக்குத் தெரியாதுடி. சத்தியமா தெரியாது. இப்ப நீ சொல்லித்தான் தெரியும். நாளைக்குக் காலைல நானே வர்றேன். உங்க ஊர் முன்னாடி நின்னு நானே என் வாயால சொல்றேன். குழந்தைங்களுக்கு நல்ல சாப்பாடு போனா ரெண்டு மாசத்துல தேறிடும். என்னை நம்பு.”

ஏமாற்றினாள், ஆனால் தெரிந்தே குழந்தையின் வயிற்றில் அடிக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் கோபிகா அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு வந்தாள். நான்கு வருடம் ஒரே குடையில் நடந்தவளை ஒரே நாளில் முழுசாக வெறுக்க அவளால் முடியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மில் களத்தில் ஊர் கூடியது. ஈர ஜவ்வரிசி காயப்போட்ட களம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. கஞ்சி கொடுக்கவேண்டாம் என்று ஜெயந்தி டீச்சர் சொன்னதிலிருந்து தாய்மார்கள் குழம்பிப் போயிருந்தார்கள். லோகநாதன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நின்றான். பதினைந்து வருடமாக அவன் கட்டிக் காத்த மில்லின் பெயர் கெடப்போகிறது.

பச்சைத் தண்டுக் கிழங்கும் தட்டுக் கிழங்குதான் என்று கோபிகா சொன்னாள்; அதைக் கம்பெனிக்காரி வாயாலேயே கேட்கலாம் என்று காத்திருந்தார்கள். பத்து மணி வரைக்கும் மிருணாளினி வரவில்லை. அவளுக்குப் பதில் கம்பெனி வண்டி வந்தது. ஒரு இளைஞன் இறங்கி, ஊர்த் தலைவர் என்று யாரும் இல்லாததால் மூத்தவரான பழனியப்பனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து போய்விட்டான். பழனியப்பன் அதை ஜெயந்தி டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் சத்தமாக வாசித்தார்.

கம்பெனிக்குச் சொந்தமான செடியிலிருந்து விவசாயிகள் ஒப்பந்தத்தை மீறிக் குச்சி எடுத்துப் பயிரிட்டிருக்கிறார்கள். இரண்டு பருவங்களாகத் தனக்கு வரும் கிழங்கு குறைவதைக் கம்பெனி ஆரம்பத்திலிருந்தே கவனித்து வந்திருக்கிறது. பயிர் பாதுகாப்பானது. குழந்தைகளின் எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குச்சிகள் பிரித்து எடுக்கப்பட்ட விவரம், கள அலுவலர் கோபிகாவின் அறிக்கையால் உறுதியாகிறது.

“நீயே எழுதிக் கொடுத்தியா கண்ணு?” என்று கேட்டார் பழனியப்பன்.

எழுதியிருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும் அறிக்கையில், ‘சாதாக் கிழங்கைச் சில விவசாயிகள் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள்’ என்று ஒரே ஒரு வரி. போகிறபோக்கில் எழுதி, மறந்தே போனது. அந்த அறிக்கைகள் எல்லாம் மிருணாளினியின் மேசைக்குத்தான் போகும்.

“எழுதினேன் மாமா. ஆனா அது தட்டுக் கிழங்குன்னு எனக்குத் தெரியாது. என்னையும் ஏமாத்திட்டாங்க.”

“கம்பெனி பாதுகாப்புங்குது, நீ வேணாங்குற” என்று கூட்டத்தில் ஒரு தாய் கேட்டாள். இடுப்பில் இருந்த குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. “அன்னிக்கு நல்லதுன்னவளும் நீதான். இப்ப நாங்க யார நம்புறது? மில்லுல இருநூறு மூட்டை கிடக்கு, எங்க ஆறு மாசச் சாப்பாடு அது. தூக்கிக் கொட்டச் சொல்றியா?”

கோபிகாவின் காதில் கடிதத்தின் ஒரு வரியே ஒலித்துக்கொண்டிருந்தது. இரண்டு பருவங்களாக, ஆரம்பத்திலிருந்தே. அந்த அறிக்கையை மிருணாளினி வாசித்திருக்கிறாள். தெரியாது என்று நேற்று கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். எது பொய் என்று நினைத்துக்கொண்டே போனபோது, பந்திப் பாயில் தனியாக நின்ற ஒரு டம்ளர் அவள் கண்ணுக்குள் வந்தது.

போனை எடுத்தாள். எல்லோரும் கேட்கும்படி சத்தத்தை வைத்து, ஜவ்வரிசி மூட்டையின் மேல் வைத்தாள். நான்காவது ரிங்கிலேயே எடுத்துவிட்டாள் மிருணாளினி.

“கோபி, ஸாரிடி. கடிதம் லீகல் ஆளுங்க வேலை, என் கையில ஒண்ணும் இல்ல. நீ பதட்டப்படாத. உன் வேலைக்கு நான் பொறுப்பு. அந்தக் கிழங்கால குழந்தைங்களுக்கு எதுவும் ஆகாது, நான் எழுதியே தர்றேன்.”

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். படித்தவள் குரல். அன்று குழந்தையை மடியில் வைத்திருந்தவளின் குரல்.

“சரி மிரு” என்றாள் கோபிகா. “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இயலினிக்குப் பேர் வச்ச அன்னிக்கு நீ ஏன் பாயசம் குடிக்கல?”

போனில் ஏசி இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை.

“டயட்டுன்னு சொன்ன. அன்னிக்கு இலையில ரெண்டு லட்டு வாங்கித் தின்ன, நாந்தான் வச்சேன். பாயசத்த மட்டும் ஏன் தொடல?”

இணைப்பு துண்டிக்கப்படவில்லை. திரையில் நொடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. களத்தில் எல்லோரும் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழனியப்பன் மெதுவாகத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஹேமலதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இயலினியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, போனை நோக்கிக் குனிந்தாள். அவள் குரல் உயரவில்லை.

“அக்கா, நான் ஹேமா பேசுறேன். அந்த டம்ளர நீங்கதான் எடுத்து என் கையில கொடுத்தீங்க. பச்ச உடம்புக்காரி, பால் கொடுக்கிறவ, நீ குடிம்மான்னு சொன்னீங்க. நான் குடிக்கிற வரைக்கும் பாத்துட்டுதான் போனீங்க.”

அப்போதுதான் மறுமுனை துண்டிக்கப்பட்டது.

லோகநாதன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முதல் மூட்டையை அவனே தோளில் தூக்கினான்.